நான்காம் வேற்றுமை

"பார்த்தேன். எல்லாம் கிரமமாக இருக்கிறது." சிவப்புக் காலிகோத் துணி அட்டை போட்ட அந்தக் குறிப்பேட்டில் பக்கத்துக்குப் பக்கம் இந்த வாக்கியம்தான் இருந்தது. கீழே ஒரு கையெழுத்து, ஒரு தேதி. எழுதியவர் எங்கள் தாலுக்காவின் பெரிய மிராசுதார். சிறைப் பார்வையாளர் என்று அவருக்கு ஒரு கௌரவப் பதவி. மாதம் ஒருமுறை உள்ளே வந்து, கைதிகளைப் பார்த்து, சாப்பாடு எப்படி, யாராவது அடித்தார்களா, உடம்புக்கு என்ன என்று விசாரித்து எழுத வேண்டும் என்பது விதி. அவர் காரை விட்டு இறங்கினால் அது அந்த மாதத்துக் கைதிகளின் அதிர்ஷ்டம். பெரும்பாலும் நான்தான் குறிப்பேட்டைக் கார் ஜன்னலுக்குக் கொண்டுபோய் நீட்டுவேன். மடியில் வைத்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கார் ஜன்னலிலிருந்து பார்த்தால் எல்லாம் கிரமமாகத்தான் இருக்கும்.

நான் அப்போது திருவாரூருக்குக் கிழக்கே ஒரு தாலுக்கா ஊரில் சப் ஜெயில் குமாஸ்தா. ஜெயில் என்றதும் பெரிய மதிலையும் காவல் கோபுரத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தாலுக்கா ஆபீஸின் பின்பக்கம் நான்கு அறை, ஒரு முற்றம், ஓர் அடிபம்பு, அவ்வளவுதான். துணைத் தாசில்தார் எங்களுக்கு மேலதிகாரி. ஆனால் ஜெயிலை உண்மையில் ஆண்டவர் ஹெட் வார்டர். வருகிறவர் போகிறவரைப் பதிவு செய்வதும், மேலிடத்துக்குப் போகும் காகிதங்களுக்கு நகல் எழுதுவதும் என் வேலை. எனக்கு வயது இருபத்தேழு. நல்ல கையெழுத்து உண்டு. அதை விட்டால் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத ஆள்.

ஆட்சி மாறியது. கோப்புகளெல்லாம் இனி தமிழில் என்று உத்தரவு வந்தது. கூடவே மிராசுதாரின் இடத்துக்குப் புதிய பார்வையாளரும் வந்தார். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர். ஊரே அவரை பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே எழுதுகிறேன். ஆளுங்கட்சியில் பொறுப்பெதுவும் இல்லை, ஆனால் கூட்டம் என்றால் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறவர். தமிழ் மேல் அப்படி ஒரு பித்து. கடை ரசீதில்கூட ஒற்று விடுபட்டால் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்வார். அவருக்குப் பதவி கொடுத்தவர்கள் ஒரு சால்வை போர்த்துகிற நினைப்பில்தான் கொடுத்தார்கள். அவர் அதை உத்தியோகம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அதுதான் எல்லாச் சங்கடத்துக்கும் ஆரம்பம்.

முதல் நாளே செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். சாம்பாரை ஒரு கரண்டி வாங்கி நக்கிப் பார்த்துவிட்டு, "இதுல பருப்பு இருந்ததா, இல்ல பருப்பு இருந்த பாத்திரத்துல செஞ்சதா?" என்று ஹெட் வார்டரைக் கேட்டார். கைதிகளை வாங்க, போங்க என்றே பேசினார். வாழ்க்கையில் டேய் என்பதைத் தவிர வேறு விளி கேட்டிராத மனிதர்கள் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வயதில் எனக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும்.

அந்த அறுவடையில் கூலித் தகராறு முற்றிப்போயிருந்தது. அறுப்புக் கூலியை உயர்த்திக் கேட்டு ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வரப்பிலேயே கைகலப்பு நடந்தது. ஆயுதப் போலீஸ் வந்து, மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லில் முகாம் போட்டது. சுற்றிலும் முள்கம்பி, வாசலில் துப்பாக்கியோடு காவல். அது எங்கள் ஊருக்கு வந்த பட்டாளம் மாதிரிதான் இருந்தது. பிடிபட்டவர்களை நேராக எங்களிடம் கொண்டுவர மாட்டார்கள். முகாமில் மூன்று நாள், நான்கு நாள் வைத்திருந்துவிட்டு, பிறகு மாஜிஸ்டிரேட் முன்னால் நிறுத்தி ஜெயிலுக்கு அனுப்புவார்கள். அந்த நாட்கள் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. நேற்றுத்தான் பிடித்ததாகக் காகிதம் சொல்லும், நானும் அதையே பதிந்துகொள்வேன்.

அப்படி ஒரு நாள் ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஒருவரைத் தோள் கொடுத்துத்தான் கூட்டிவந்தார்கள். நாற்பது வயதிருக்கும். பண்ணையில் ஏர் ஓட்டுகிறவர், கூட வந்தவர்கள் ஏரோட்டி என்றே அவரைக் கூப்பிட்டார்கள். சுவர் ஓரமாக உட்கார்ந்து இடுப்புக்குக் கீழே போர்வையால் மூடிக்கொண்டார். அதன் பிறகு அவர் எழுந்து நான் பார்க்கவில்லை.

மறுநாள் பாய் வந்தார். அறைக் கதவு திறந்ததுமே, "யாரும் எழுந்திரிக்க வேணாம், உக்காந்தே பேசுங்க" என்றார். பழக்கதோஷத்தில் எட்டுப் பேர் எழுந்துவிட்டார்கள். ஏரோட்டி ஒருவர்தான் உட்கார்ந்தபடியே இருந்தார். பாய்க்கு அதில் பரம திருப்தி. "பாருங்க, இவரு ஒருத்தருக்குத்தான் மானம் இருக்கு" என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் எதிரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். பின்னால் ஹெட் வார்டர் பிரம்போடு நின்றார். பக்கத்தில் நான் குறிப்பேட்டோடு நின்றேன்.

"யாராச்சும் அடிச்சாங்களா தம்பி? பயப்படாம சொல்லுங்க."

"அடிக்கலீங்க மொதலாளி" என்றார் ஏரோட்டி. "முகாம்ல லாடம் கட்டுனதுதாங்க. வேற ஒண்ணும் இல்லீங்க."

"லாடமா? எத்தனை பேரு?"

"நாங்க ஒம்போது பேரும்தாங்க."

"எத்தனை நாளு?"

"மூணு நாளுங்க. காலையில ஒருதரம், பொழுதுசாய ஒருதரம்."

பாய் யோசித்தார். அவருடைய வாப்பா ஜட்கா வண்டி வைத்திருந்தவர். குதிரைக்கு லாடம் கட்டுவது எப்பேர்ப்பட்ட தொழில் என்று பாய்க்குத் தெரியும். தொழில் தெரியாத அறுப்பு ஆட்களைப் பிடித்து முகாமில் வண்டி மாடுகளுக்கு லாடம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவர் புரிந்துகொண்டார். முகம் சிவந்தது.

"கூலி குடுத்தாங்களா?"

ஏரோட்டி அவரையே பார்த்தார். கேலி செய்கிறாரா என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிறகு நிதானமாகச் சொன்னார்: "கூலி கேட்டதுக்குத்தானுங்க கட்டுனாங்க."

ஹெட் வார்டர் இருமுவது போல வாயை மூடிக்கொண்டார். நான் குனிந்துகொண்டேன். போலீஸ் பாஷையில் லாடம் கட்டுவது என்றால் என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஆளைக் குப்புறப் படுக்கவைத்து, கணுக்காலைக் கட்டி, உள்ளங்காலில் லத்தியால் அடிப்பது. பொதுவாக வெளியே பெரிதாகத் தடயம் தெரியாது. அடித்த போலீஸ்காரர்கள் அதற்கு என்ன பேர் சொன்னார்களோ அதே பேரைத்தான் ஏரோட்டியும் சொன்னார். அவருக்கு அடி என்றால் பண்ணையில் முதுகில் விழுவது. இது வேறு ஏதோ சர்க்கார் காரியம், அதற்கென்று தனிப் பேர் இருக்கிறது என்று நினைத்திருப்பார் போல. பாய் குறிப்பேட்டை வாங்கி, தமிழிலேயே, ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதினார்: "கைதிகள் ஆயுதப் போலீஸ் முகாமில் மூன்று நாட்கள் லாடம் கட்டியதாகத் தெரிகிறது. கூலி கொடுக்கப்படவில்லை. இது யாருடைய உத்தரவு என்று விசாரிக்க வேண்டும்."

அவர் தெரு திரும்பும்வரை ஹெட் வார்டர் பொறுத்திருந்தார். பிறகு அடிபம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கூலி வேணுமாம்யா, கூலி!" நானும் சிரித்தேன். இதை நான் மறைக்கப்போவதில்லை.

மறுநாள் காலை ஆள் எண்ணிக்கை எடுக்க உள்ளே போனேன். ஏரோட்டிக்குக் காய்ச்சல். பக்கத்தில் ஒருவர் அலுமினியத் தட்டில் உப்புத் தண்ணீர் வைத்து அவர் காலைக் கழுவிக்கொண்டிருந்தார். போர்வை விலகியிருந்தது. வலது பாதம் வீங்கி உருத் தெரியாமல் இருந்தது. தோல் கிழிந்து, சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்துப்போயிருந்தன. அந்த வாடையை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும், சொல்ல விருப்பமில்லை. கழுவிக்கொண்டிருந்தவர், "ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க சார், காலு போயிடும்" என்றார். நான் ஹெட் வார்டரிடம் சொன்னேன். "டாக்டர் பாத்தா எழுதுவான்யா. எழுதினா நம்ம ஜெயில்ல நடந்ததும்பாங்க. வீக்கம் வத்தட்டும்" என்றார். அவர் கொடூரமானவர் இல்லை. பெண் கல்யாணத்துக்கு இருந்தது, உத்தியோகம் வேண்டும், அவ்வளவுதான். என்னுடையதும் ஏறக்குறைய அதே கதைதான்.

மேஜைக்கு வந்து பாயின் குறிப்புக்கு நகல் எழுத உட்கார்ந்தேன். பார்வையாளர் எழுதியதை வார்த்தை பிசகாமல் நகல் எடுத்து சப் கலெக்டருக்கு அனுப்புவது வழக்கம். "கைதிகள்" என்று எழுதினேன். கடைசிப் புள்ளி வைக்கும் முன் பேனா நின்றது. ஒரு நான்காம் வேற்றுமை உருபு. பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு என்று ராகம் போட்டு மனப்பாடம் செய்தது. அதைச் சேர்த்தால் போதும், மற்ற எந்த எழுத்தையும் தொட வேண்டாம். புள்ளி வைக்காமல் ளு ஆக்கி, பக்கத்தில் க்கு போட்டேன். "கைதிகளுக்கு ஆயுதப் போலீஸ் முகாமில் மூன்று நாட்கள் லாடம் கட்டியதாகத் தெரிகிறது." துணைத் தாசில்தார் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே அதைத் தபாலில் சேர்த்தேன்.

உள்ளூர் அதிகாரி யாராவது இருந்திருந்தால் படித்ததுமே புரிந்துகொண்டு, ஓரமாக வைத்திருப்பார். சப் கலெக்டர் வடநாட்டுக்காரர், இளவயது, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ்க் கோப்பு படிக்கிறவர். அகராதியில் லாடம் என்றால் குளம்பில் அடிக்கும் இரும்பு. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டிருக்கும். மனிதர்களுக்கு எப்படி லாடம் கட்ட முடியும், உடனே நேரில் விசாரித்து எழுதவும் என்று துணைத் தாசில்தாருக்கு மூன்றாம் நாளே மெமோ வந்துவிட்டது.

முகாம் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். பாயையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். மெமோவைப் படித்த பாய், "நான் இப்படி எழுதலையே" என்றார். துணைத் தாசில்தார் அவசரமாகக் குறிப்பேட்டை விரித்தார். ஒரு கையில் மெமோவோடு திரும்பி வந்த நகல், ஒரு கையில் குறிப்பேடு. அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் மறக்கவே மாட்டேன்.

"பாய் எழுதினது 'கைதிகள்'. நகல்லதான் 'கைதிகளுக்கு'ன்னு இருக்கு. நம்ம குமாஸ்தா பண்ணின பிழை" என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பிழைதானேய்யா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டரின் கை பெல்ட்டில் இருந்தது. நான் மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதில் ஒன்று உண்டு. அது வரவில்லை.

"பிழைதாங்க சார்" என்றேன்.

"அப்ப முடிஞ்சுது. பிழையைத் திருத்தி மறு நகல் அனுப்பிடுவோம்" என்றார் துணைத் தாசில்தார். இன்ஸ்பெக்டர் உட்கார்ந்தார், கூல்டிரிங் கொண்டுவரச் சொன்னார்கள். அந்த மறு நகல் போயிருந்தால் ஏரோட்டி அந்தச் சுவர் ஓரத்திலேயே செத்திருப்பார். அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். தெரிந்தும் அடுத்த வெள்ளைத் தாளை எடுத்தேன்.

பாய் மட்டும் உட்காரவில்லை. "ஒரு 'கு' வந்ததுக்கு எதுக்கு ஜீப்பு?" என்றார். "மனுசனுக்கு லாடம் கட்டுறதுன்னு ஒண்ணு இருக்கா?" என்று ஹெட் வார்டரைக் கேட்டார். அவர் கூரையைப் பார்த்தார். என்னைக் கேட்டார். நான் தாளைப் பார்த்தேன். பிறகு பாய் தானே நடந்துபோய் அறைக் கதவுக்கு முன்னால் நின்று, "தம்பி, லாடம்னா என்ன?" என்று ஏரோட்டியைக் கேட்டார். ஏரோட்டி பேசும் நிலையில் இல்லை. போர்வையை மட்டும் விலக்கிக் காட்டினார்.

பாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. "உக்காந்தே பேசுங்கன்னேனே... அந்த மனுசனால நிக்க முடியலைன்னு தெரியாம, மானம் இருக்குன்னேனே" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார். என் மேஜைக்கு வந்து, "பேனா குடுங்க தம்பி" என்றார். கொடுத்தேன். குறிப்பேட்டை இழுத்து, "கைதிகள்" என்ற சொல்லின் கடைசி எழுத்துக்குக் கீழே கொக்கி போட்டு ளு ஆக்கினார். பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில் க்கு என்று நெருக்கி எழுதினார். மேலே இருந்த பழைய புள்ளி அப்படியே இருந்தது. எழுத்துப் பிழையைச் சகிக்காத மனிதர், அந்தப் புள்ளியை அடிக்கக்கூட நிற்காமல் ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். கூலியைப் பற்றிய வரியைக் கோடிழுத்து நீக்கினார்.

"பாய், யோசிச்சுச் செய்யுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. "நம்ம ஆட்சி. நீங்களும் நம்ம ஆளு."

"யோசிக்காம எழுதினதுதாங்க முன்னாடி எழுதினது" என்றார் பாய். "நம்ம ஆட்சியில நம்ம ஜனங்க காலு அழுகுது. ஆஸ்பத்திரிக்கு வண்டி வரச்சொல்லுங்க. வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்." சொன்னபடியே முற்றத்தில், அடிபம்புக்குப் பக்கத்தில், வெறும் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்திருப்பது தாலுக்கா ஆபீஸுக்கு வந்துபோகிற ஜனங்களுக்கெல்லாம் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. வெயில் ஏறியது, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார், நகரவில்லை. மூன்று மணிக்கு வண்டி வந்தது. ஏரோட்டியைத் தூக்கி ஏற்றும்போது பாயும் ஒரு பக்கம் பிடித்தார். ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் பாய் சொன்ன விஷயத்தைப் பிறகு கேள்விப்பட்டேன். "லாடம்னு எழுதாதீங்க டாக்டர், அது மாட்டுக்கு. அடிச்சாங்கன்னு எழுதுங்க."

இரண்டு விரலை எடுத்தார்கள். கால் பிழைத்தது, ஆளும் பிழைத்தார். ஆனால் சேற்றில் ஏர் பிடிக்க வேண்டுமென்றால் விரல் மண்ணைக் கவ்வ வேண்டும். வழக்கு தள்ளுபடியான பிறகு, குடும்பத்தோடு பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் காவலுக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள். விசாரணை நடந்தது. கைதி தப்பி ஓடும்போது வேலியில் கால் மாட்டிக்கொண்டதாக முகாமிலிருந்து பதில் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு அந்த ரைஸ் மில்லிலிருந்து யாரும் தோள் தாங்கலில் எங்களிடம் வரவில்லை. பிடித்த அன்றைக்கே மாஜிஸ்டிரேட்டிடம் கொண்டுபோனார்கள். பாய்க்குப் பதவி நீட்டிப்புக் கிடைக்கவில்லை. மிராசுதார் வீட்டுக் கல்யாண ஜவுளியெல்லாம் கும்பகோணத்துக்குப் போயிற்று. கட்சிக்காரர்களும் கடைக்கு வந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. குறிப்பேடும் நகலும் இப்போது அந்தச் சொல்லில் ஒத்துப்போயின. பிழை என்றால் எங்கே பிழை? பாய் போட்ட அந்த உருபு ஏரோட்டியின் உயிரோடு என் உத்தியோகத்தையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டது. இதை யோசிக்க யோசிக்க எனக்கு அவர் கடைப் பக்கம் போகவே கால் வரவில்லை. ஒரு வேட்டி வாங்குவதற்குப் பஸ் ஏறித் திருவாரூர் போனேன்.

எட்டு மாதம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. ஊரை விட்டுப் போவதற்கு முந்தின நாள், மனசைத் திடப்படுத்திக்கொண்டு போனேன். மத்தியான நேரம், கடையில் வேறு ஆள் இல்லை. பாய் ஒரு துணிக்கட்டை அளந்து மடித்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, மாத்தல்னு கேள்விப்பட்டேன்" என்றார், நான் தினமும் வந்துபோகிறவன் போல. ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன்.

"பாய், அன்னிக்கு நகல்ல வந்தது பிழை இல்லீங்க. தெரிஞ்சுதான் போட்டேன்."

அவர் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றார். "உங்க எழுத்த ஒரு வருஷமா பாக்குறேன். ஒரு புள்ளி தப்பினது இல்ல."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் துணியைக் கீழே வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். அதில் கோபம் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அதை அங்கயே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். "நாம ரெண்டு பேரா இருந்திருப்போம்."